தங்கைக்குச் சொன்ன பதில்

லிஃப்ட்காரர் பொய் பேச மாட்டார் என்பது அவர் வேலை பார்த்த கட்டடங்களில் எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம். முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவர். மாதம் ஒருமுறை கம்பிக்கயிறு, பிரேக், கதவு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, உள்ளே மாட்டியிருக்கும் அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். மற்றவர்கள் கீழே நின்று டீயைக் குடித்துக்கொண்டே கிறுக்கிவிட்டுப் போவார்கள். இவர் உச்சி மாடிக்கு மேலே இருக்கும் இயந்திர அறைக்கு ஏறி, கயிற்றை விரலால் தடவிப் பார்க்காமல் பேனாவைத் தொட மாட்டார். பார்க்காமல் எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று கேட்பார். அப்பேர்ப்பட்ட மனிதர், பார்க்காத ஒன்றைப் பார்த்ததாக வீட்டிலேயே சொல்லி வைத்திருந்தார். அந்தக் கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மகள் போன் செய்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், முப்பத்துநாலு வயது, எதையும் அளந்து பேசுகிறவள். இடது மார்பில் கட்டி இருக்கிறது, ஊசி வைத்து எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய்தான் என்று வந்துவிட்டது என்பதெல்லாம் அவருக்கு முந்தின வாரமே தெரியும். தெரிந்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. இப்போது அவள் புதிதாகச் சொன்னது, வெள்ளிக்கிழமை மரபணு ஆலோசகரைப் பார்க்கப் போகிறாள் என்பது. மாப்பிள்ளை கப்பலில் இருக்கிறார், வந்து சேர இன்னும் பத்து நாளாகும், அதனால் அப்பா கூட வர வேண்டும். வரும்போது அந்தப் பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து வர வேண்டும்.

"எந்த ரிப்போர்ட்டும்மா?"

"அதான்ப்பா, அத்தை சொல்லி நீங்க எடுத்தீங்களே, அந்த ரத்தப் பரிசோதனை. அத்தைக்கு இருந்தது உங்களுக்கு இல்லைன்னு வந்துச்சே. அந்தக் காகிதம் கையில இருந்தா, எனக்குச் சின்ன ஆபரேஷனோட முடிச்சிடலாம்கறாங்க."

தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தார். தேடுவதற்கு என்ன இருக்கிறது? அப்படி ஒரு ரிப்போர்ட் உலகத்திலேயே கிடையாது. அந்தப் பரிசோதனையை அவர் எடுக்கவே இல்லை.

அவருக்கு ஒரே தங்கை. தபால் ஆபீசில் வேலை, கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். ஐம்பது வயதை நெருங்கியபோதும் அவர் வாயில் அவள் 'குட்டி'தான். அவர் மனைவி சாலை விபத்தில் போனபோது மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு மூன்று. தங்கை அடுத்த தெருவுக்கு வீடு மாற்றிக்கொண்டு வந்து இரண்டு பிள்ளைகளையும் தன் பிள்ளைகளாகவே வளர்த்தாள். தலை பின்னிவிட்டது, வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தது, காய்ச்சலுக்கு ராத்திரியெல்லாம் முழித்தது எல்லாம் அவள்தான். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். "எங்கண்ணன் நாள் பூரா மேல போவாரு, கீழ வருவாரு, பாத்தா நின்ன இடத்துலயேதான் நிப்பாரு" என்று அவர் முன்னாலேயே பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிப்பாள். அவரும் சிரிப்பார்.

அவளுக்கு நாற்பத்துமூன்றில் மார்பில் வந்தது. இவர்கள் அம்மாவும் சின்ன வயதிலேயே அதே நோயில் போனவள்தான். ஆஸ்பத்திரியில் மரபணு ஆலோசகர் என்று ஒரு அம்மா இருந்தார். மருந்து எழுதித் தருகிறவர் இல்லை. குடும்பத்தில் யாருக்கு என்ன வந்தது, எந்த வயதில் வந்தது என்று கேட்டுக் கேட்டுப் படம் போட்டு, இது ரத்த வழியில் வருகிறதா, அடுத்து யார் கவனமாக இருக்க வேண்டும் என்று சொல்கிறவர். தங்கையின் ரத்தத்தைச் சோதித்து, ஒரு மரபணுவில் குறை இருப்பதைக் கண்டுபிடித்தார். அம்மாவிடமிருந்து வந்தது. அண்ணனிடம் கொடுக்கச் சொல்லி ஒரு கடிதமும் தந்தார். ஆண்களுக்கும் இந்தக் குறை வரும், அண்ணனுக்கு வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, வந்திருந்தால் அவருடைய பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அதே பாதிக்குப் பாதி. வரவில்லையென்றால் பிள்ளைகளுக்கு இந்த வழியில் பயமே இல்லை, அதனால் அவர் ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது என்று அதில் எழுதியிருந்தது.

போகாமல் இல்லை, போனார். காத்திருக்கும் கூடத்தில் முப்பது நாற்காலி. அத்தனையிலும் பெண்கள். பக்கத்து நாற்காலி அம்மா, யாருக்காக வந்திருக்கீங்க, சம்சாரத்துக்கா என்று பரிவாகக் கேட்டாள். இவர் ஆமாம் என்று தலையாட்டிவிட்டார். அதற்குப் பிறகு எந்த முகத்தோடு எழுந்து போய் ரத்தம் கொடுப்பது? கையில் இருபத்துரெண்டாம் நம்பர் சீட்டு. பதினெட்டைக் கூப்பிடும்போது எழுந்து, சிகரெட் பிடிக்கப் போகிறவர் மாதிரி வெளியே வந்து, பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார். கூச்சம் பாதி என்றால் பயம் பாதி. வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டால், பிள்ளைகளை எப்படிப் பார்ப்பது என்ற பயம். அடுத்த வாரம் போகலாம் என்று ஆறப்போட்டார். அடுத்த வாரம் அடுத்த மாதமாயிற்று. உங்களுக்கும் எனக்கும் தெரியாத வித்தையா இது?

தங்கைக்கு நாற்பத்தெட்டில் மறுபடி வந்து ஈரலுக்கும் எலும்புக்கும் பரவியது. கடைசி வாரம் ஒரு மத்தியானம் இவர் கட்டிலருகே உட்கார்ந்து அவள் உதட்டில் ஈரப்பஞ்சை ஒற்றிக்கொண்டிருந்தார். அவள் கண்ணைத் திறந்து, தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், இதைக் கேட்டாள்.

"அண்ணா, நீ அந்தப் பரிசோதனை எடுத்தியா? மறைக்காம சொல்லு. என் பொண்ணுக்கு ஒண்ணும் வந்துடாதே?"

என் பொண்ணு என்றாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, இல்லை குட்டி, பாதியில் ஓடி வந்துவிட்டேன் என்று எவனால் சொல்ல முடியும்?

"எடுத்துட்டேன் குட்டி. எனக்கு ஒண்ணும் இல்லைன்னு வந்துடுச்சு. நீ நிம்மதியா இரு."

அவள் அவர் கையைப் பிடித்து, அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டாள். அந்த மூச்சு ஒன்றுக்காகவே சொன்ன பொய் என்று அவர் நினைத்துக்கொண்டார். அதுவரைக்கும் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. நான்கூடச் சொல்ல மாட்டேன். ஆனால் சாயங்காலம் பார்க்க வந்த மகளை அத்தைக்காரி பக்கத்தில் கூப்பிட்டு, "உங்கப்பாவுக்கு இல்லையாம்டி, உனக்கும் தம்பிக்கும் பயமில்லை" என்று சொன்னாள். இவர் ஜன்னல் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வாசல் வரை போய் மகளைத் தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூன்றாம் நாள் தங்கை போய்ச் சேர்ந்தாள்.

சரி, அது சாவு வீட்டுக் குழப்பம் என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகும் ஒரு சந்தர்ப்பம் வந்தது, அதுதான் இவரைத் தின்கிறது. ரெண்டு வருஷம் கழித்து, முப்பது வயதில், மகள் தானாகவே அந்த ஆலோசகரிடம் போனாள். அவள் அப்படித்தான், எதையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்கிறவள். அத்தைக்கு இருந்த குறை அப்பாவுக்கு இல்லை என்று சொன்னாள். அப்படியென்றால் உங்களுக்கும் வர வழியில்லை, மற்றவர்களைப் போல நாற்பது வயதிலிருந்து பரிசோதனை செய்துகொண்டால் போதும், ஆனாலும் அப்பாவின் ரிப்போர்ட்டை ஒருமுறை கொண்டுவந்து காட்டுங்கள் என்று ஆலோசகர் சொல்லி அனுப்பினார்.

மகள் வந்து கேட்டபோது அவர் சமையலறைக் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலேயே, அது வீடு மாற்றும்போது எங்கேயோ போய்விட்டது, ஒன்றுமில்லை என்று எழுதின காகிதத்தை யார் பெட்டியில் வைத்துப் பூட்டுவார்கள் என்றார். மகள் சிரித்துவிட்டாள். நீங்க சொன்னா போதும்ப்பா, உங்களைவிட எனக்குக் காகிதம் பெரிசா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். குழாயை மாட்டிவிட்டு அவரும் கையைத் துடைத்துக்கொண்டார். சொல்லிச் சொல்லி, அதற்குள் அவருக்கே அது நடந்த மாதிரிதான் இருந்தது.

இதோ, இப்போது செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்குள் என்ன செய்வது?

புதன்கிழமை காலையில் முதல் ஆளாக ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் போய் நின்றார். தங்கையின் பழைய கடிதத்தை மட்டும் இத்தனை நாள் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். அதைக் காட்டி ரத்தம் கொடுத்தார். மனதுக்குள் ஒரே வேண்டுதல், எனக்கு இல்லையென்று வந்துவிடட்டும், சொன்ன பொய் உண்மையாகிவிடட்டும். பாதிக்குப் பாதி என்றுதானே எழுதியிருக்கிறது? மகளுக்கு வந்தது வேறு ஏதோ காரணத்தால் வந்ததாக இருக்கட்டும். ஊசி குத்தின இடத்தைப் பஞ்சால் அழுத்திக்கொண்டே, ரிப்போர்ட் நாளைக்குக் கிடைக்குமா என்று கேட்டார். மூன்று வாரமாகும் என்றாள் அங்கே இருந்த பெண்.

கிளம்பி வந்திருக்கலாம். வரவில்லை. கவுண்டர் மேல் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, ரிப்போர்ட்டில் தேதியை ஒரு ஆறு வருஷம் முன்னால் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். அந்தப் பெண் எழுதுவதை நிறுத்தி அவரைப் பார்த்தாள். திட்டவில்லை, கத்தவில்லை. "அப்படியெல்லாம் கேக்காதீங்க சார்" என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள். அவள் பார்த்த பார்வையில், தெருவுக்கு வந்த பிறகும் காது மடல் எரிந்தது. இந்த வாயாலா கேட்டோம் என்று தன்னைத்தானே நொந்துகொண்டு, வந்த பஸ்ஸில் ஏறாமல் வீடு வரை நடந்தே போனார்.

வெள்ளிக்கிழமை ஆலோசகரின் அறையில் மூன்று நாற்காலி, ஒரு மேசை, மேசை மேல் முகம் துடைக்கும் காகிதப் பெட்டி. தங்கை வந்து உட்கார்ந்த அதே அறை. அதே ஆலோசகர்தான், தலை மட்டும் நரைத்திருந்தது. கோப்பிலிருந்து குடும்பப் படத்தை எடுத்து மேசை மேல் விரித்தார். ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம். நோய் வந்தவர்களைக் கறுப்பாக நிரப்பி, இறந்தவர்களுக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்திருந்தது. அவருடைய அம்மா ஒரு கறுப்பு வட்டம், தங்கை ஒரு கறுப்பு வட்டம். அவர் சதுரம் மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது. அதன் கீழே பொடி எழுத்தில், 'குறை இல்லை, மகள் வாய்மொழி, ரிப்போர்ட் பார்க்கவில்லை' என்று எழுதியிருந்தது.

ஆலோசகர் நிதானமாக விளக்கினார். மகளின் ரத்தத்தையும் சோதிக்கத்தான் போகிறார்கள். ஆனால் ஆபரேஷன் தேதி நெருங்கிவிட்டது. அப்பாவுக்குக் குறை இல்லை என்பது உறுதியென்றால், இது குடும்பத்தில் வருகிற நோயில்லை, தனியாக வந்தது. கட்டியை மட்டும் எடுத்தால் போதும் என்பது டாக்டரின் எண்ணம். குடும்பக் குறைதான் என்றால் கதையே வேறு. அடுத்த மார்பையும் எடுப்பது நல்லது, பிறகு கருப்பையைச் சேர்ந்த சினைப்பைகளையும் எடுப்பதைப் பற்றிப் பேச வேண்டும். அதனால்தான் அந்தக் காகிதத்தைக் கேட்டேன், தப்பாக நினைக்காதீர்கள் என்றார்.

வீடு மாற்றும்போது என்று பழைய பாட்டையே இவர் ஆரம்பித்தார். ஆலோசகர் சிரித்த முகமாக, அதனாலென்ன, எந்த ஆஸ்பத்திரி, எந்த வருஷம் என்று மட்டும் சொல்லுங்கள், அங்கிருந்து ஒரு நகலை இன்றைக்கே வாங்கிவிடலாம் என்று பேனாவைத் திறந்தார்.

மகள் இவர் பக்கம் திரும்பி, "சொல்லுங்கப்பா, எந்த ஆஸ்பத்திரி?" என்றாள்.

அப்போதும்கூட ஏதோ ஒரு ஆஸ்பத்திரி பெயர் அவர் நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொல்லியிருந்தால் இன்னும் ஒரு நாள் கடந்திருக்கும். அந்த ஒரு நாளில் மகளுக்குச் சின்ன ஆபரேஷன் என்று முடிவாகியிருக்கும். அவர் மகளைப் பார்த்தார். தலை பின்னிக்கொண்டு பள்ளிக்கூடம் போன பிள்ளை.

"நான் எடுக்கலைம்மா" என்றார். "எந்த ஆஸ்பத்திரியிலும் எடுக்கலை. அத்தைக்குச் சும்மா சொன்னேன்."

அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. இருபத்துரெண்டாம் நம்பர் சீட்டிலிருந்து புதன்கிழமை கொடுத்த ரத்தம் வரை எல்லாவற்றையும் கொட்டினார். தேதியை மாற்றிப் போடச் சொல்லிக் கேட்டதையும் விடவில்லை. ஆலோசகர் படத்தைப் பார்த்தபடி, "அன்னிக்கு ரிப்போர்ட்டைப் பாக்காம நானும் விட்டிருக்கக் கூடாது" என்று யாருக்கோ சொல்வது போலச் சொன்னார். பிறகு அந்தப் பொடி எழுத்தை ஒரு கோடு போட்டு அடித்தார்.

வகுப்பில் கரும்பலகை முன்னால் நிற்கிறவள் மாதிரி, மகள் மனதுக்குள் எதையோ கூட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பவே தெரிஞ்சிருந்தா முப்பதுலருந்து வருஷத்துக்கு ஒரு ஸ்கேன் எடுத்திருப்பீங்க, இல்லையா மேடம்?" என்று ஆலோசகரைக் கேட்டாள். அவர் ஆமாம் என்றார். "நாலு ஸ்கேன்" என்றாள் மகள்.

பிறகு அப்பாவிடம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"அத்தை கேட்டப்ப சொன்னது எனக்குப் புரியுதுப்பா. அவங்க சாகக் கிடந்தாங்க. நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். நான் கேட்டப்ப ஏன்ப்பா சொன்னீங்க?"

கூச்சம், பயம் என்று சப்பைக்கட்டு கட்டலாம். எதுவும் அந்தக் கேள்வி முன்னால் நிற்காது. "நீ சிரிச்சேம்மா" என்றார். "உன் சிரிப்பைப் பாத்ததும் அப்படியே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்." சொல்லும்போதே எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று தெரிந்தது. அழுகை வந்தது. காகிதப் பெட்டியை ஆலோசகர்தான் நகர்த்தி வைத்தார். தன் வியாதியைக்கூட இத்தனை நாள் அழாமல் சொன்ன மகள், அப்போதும் அழவில்லை. கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு அந்தப் படத்தையே பார்த்தாள். அத்தையின் வட்டத்துக்கும் தன் வட்டத்துக்கும் நடுவில் நின்ற சதுரத்தில் அவள் கண் இருந்தது.

தம்பிக்கு நானே இன்றைக்குப் போன் செய்து சொல்லிவிடுகிறேன் என்றார் அவர். ஏதாவது ஒன்றையாவது உருப்படியாகச் செய்துவிட வேண்டும் போல இருந்தது அவருக்கு.

"வேண்டாம்ப்பா. அவன்கிட்ட நான் சொல்லிக்கறேன். நீங்க சொல்ல வேண்டாம்."

ஆலோசகர் பேச்சை வேலைக்குத் திருப்பினார். மகளின் ரத்தத்தை இன்றைக்கே எடுத்து அவசரமாக அனுப்பலாம், முடிவு வரும்வரை ஆபரேஷனைத் தள்ளிவைக்கும்படி டாக்டரிடம் பேசிக்கொள்கிறேன் என்றார். அப்பா புதன்கிழமை கொடுத்த ரத்தத்தின் ரிப்போர்ட்டும் பயன்படும், அது வந்ததும் கொண்டுவந்து தரச் சொன்னார். மகள் குறுக்கிட்டாள். அப்பா கையில் கொடுக்க வேண்டாம், பரிசோதனைக் கூடத்திலிருந்து நேராக உங்களுக்கே அனுப்பிவிடச் சொல்ல முடியுமா என்று கேட்டாள். முடியும், அதற்கு அவர் சம்மதித்து ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் ஆலோசகர்.

படிவத்தை வாங்கிப் பெயர், வயது, கூடத்தின் விலாசம், ரத்தம் கொடுத்த தேதி எல்லாவற்றையும் எழுதினார். கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது மகள் கையை நீட்டினாள். வாங்கி, மேலிருந்து கீழ் வரை ஒரு வரி விடாமல் படித்தாள்.

"எல்லாம் சரியாத்தானே எழுதியிருக்கீங்க?"

"ஆமாம்மா, சரியாத்தான்."

அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு படிவத்தை மேசைக்கு அந்தப் பக்கம் நகர்த்தினாள்.

"அந்தக் கூடத்துக்கு ஒரு போன் போட்டு, இவர் நிஜமாவே வந்தாரான்னு கேட்டுடுங்க மேடம்" என்றாள்.